யாழ் முரிந்ததோ?

திருத்தருமபுரத்து யாழ்முரித் திருப்பதிகத்தைக் குறித்துப் பிழைபட்ட கருத்தொன்று நெடுநாளாக உலவி வருகின்றது. ஆளுடைய பிள்ளையார் தம் மிடற்றிசையால் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கருவியிசையை வென்றார் என்றும், யாழ் அன்றே முறிந்தொழிந்தது என்றும், ஆகலின் திருமுறை ஓதுவார்க்குத் துணைக்கருவி வேண்டப்படுவதன்று என்றும் சிலர் கூறுவர். சேக்கிழார் பெருமான் திருவாக்கை ஊன்றி நோக்காதார் கூற்றே இஃதாம்.

நிகழ்ந்தது யாது? தருமபுரம் பாணரின் தாயார் பிறந்த பதி. அங்கிருந்த சுற்றத்தார், பாணர் யாழிலிட்டு வாசித்தலாலேயே பிள்ளையாரின் பதிகவிசை உலகிற் பரந்தது எனப் புகழ்ந்தனர். அது கேட்டு உளம் நடுங்கியவர் பாணரே. யாழில் அடங்காத பதிகம் ஒன்று அருள்க என இரந்தவரும் அவரே. முதல் திருமுறையின் 136-ஆம் பதிகம் அங்ஙனம் எழுந்தது. இரந்தார்க்கு ஈந்ததனை வெற்றி என்பது எந்நூல் வழக்கோ? நரம்பிற் பண் அடங்காமை கண்டு பாணர் யாழை உடைக்க ஓங்கியபொழுது, பிள்ளையார் அவரை 'ஐயர்' என விளித்துத் தடுத்தார். இறைவன் திருவருட் பெருமை ஒரு கருவியுள் அளவுபடுமோ எனத் தேற்றினார். வந்த அளவிற் பாடி வாசிக்குமாறு யாழை மீண்டும் அவர் கையிலேயே அளித்தருளினார். யாழ் முறிந்திலது. கதை சொல்வார் சிலர் அது துண்டுபட்டு வீழ்ந்ததாக அபிநயித்தே காட்டுகின்றனர். எந்தப் புராணத்திற் கண்டனரோ!

முரி என்னும் பெயரே முறிவுக்குச் சான்று எனின், அற்றன்று. சிலப்பதிகாரக் கானல்வரியுள் முரிவரி என ஒரு பகுதி உண்டு. எடுத்த இயலையும் இசையையும் இடையே மாற்றிப் பாடுதல் முரி என்பது இசைநூல் வழக்கு. அக்கானல்வரியிற் கோவலனும் மாதவியும் ஒரே யாழை மாறி வாங்கிப் பாடினர். மற்றவர் பாட்டில் வேறொரு கருத்தை ஐயுற்றமையால், யாழ் கெடாதிருப்பவும் அவர் கூட்டம் கெட்டது. பிள்ளையாரும் பாணரும் அத்தகையரல்லர். தருமபுரத்துக்குப் பின்னும் இருவரும் கூடியே பதிகள் தோறும் சென்றனர். திருநல்லூர்ப் பெருமணத்தில் பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும் பிள்ளையாரோடு சோதியுட் புக்கனர்.

முதலாம் இராசராசர் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரை அமைத்தார். அவரோடு உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் சேர 50 பேர். ஆளுக்கு நாடோறும் முக்குறுணி நெல். பாடுவோர்க்கும் கொட்டுவோர்க்கும் அளவு ஒன்றே என்பதனை, துணைக்கருவி வேண்டா என்பார் கல்வெட்டிற் படித்துக் கொள்க.

ஓசூர், கிருட்டிணகிரி போலும் எல்லைப்புறங்களில் இதன் இன்றியமையாமை பெரிது. கன்னடமும் தெலுங்கும் தாய்மொழியாக உடையாரும் சந்திரசூடேசுவரர் மலையேறி வழிபடுகின்றனர். தேவாரத்தின் சொற்பொருள் அறியாதார் நெஞ்சிலும் குழல்வழிப் பண் புகும். தொழிற்சாலைகள் மலிந்த இக்காலத்தே மின்விசையால் தானே முழங்கும் முரசும் மணியும் பூட்டிய பொறிகள் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் நுழைந்துவிட்டன. பாடுவார் மூச்செடுக்க நின்றால் அப்பொறி நில்லாது. அவர் பண்ணை நீட்டினால் உடன் நீளாது. பாணர் யாழ் பதிகத்தைக் கேட்டே ஒலித்தது. பொறி வாங்கப் பொருளுடைய அறங்காவலர், ஓதுவார் பக்கத்தே குழலூதுவார் ஒருவரை அமர்த்தப் பொருளில்லை என்பரேல், அக்கணக்கை அடியார் முன்னிலையில் விரித்துக் காட்டுவாராக.