மூன்று நாட் பயிற்சியும் முப்பது ஆண்டுச் சேவையும்

இனங்களுக்கிடையே நல்லுறவை வளர்க்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய எமது தோள்மீது சுமத்தப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமென 2008ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு தனிக் கொள்கை ஒன்றையே வகுத்தது. கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. ஆனால் அவற்றில் நடப்பது யாது? சிங்கள, தமிழ், முஸ்லிம் இடைநிலை ஆசிரியர்கள் மூன்று நாட்கள் ஒரு விடுதியிற் கூட்டப்படுகின்றனர். குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. விரிவுரையாளர் சிங்களத்தில் அரைமணி நேரம் பேசுகிறார். மொழிபெயர்ப்பாளர் அதனை மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுகிறார். உணவு வேளையில் அவரவர் தத்தம் மொழிக்காரரின் மேசையைத் தேடிக்கொள்கின்றனர். இறுதி நாளன்று பாட்டும் நடனமும், கையிலே ஒரு சான்றிதழும். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நிற்கப்போகும் ஒருவருக்கு இதுவே போதுமென எண்ணுகின்றனர் போலும்! இதனைப் பயிற்சி என்று அழைப்பதை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

தச்சனும் தச்சனும் சந்தித்தால் உளியைப் பற்றிப் பேசுவார்கள். நாமோ பொங்கலையும் வெசாக்கையும் பற்றிப் பேசிவிட்டு வீடு திரும்புகின்றோம்.

எமக்குத் தொழில் பற்றிப் பேசுவதற்குப் பொருள் இல்லையா? தமிழ்ப் பிள்ளை வீட்டிலே பேசும் தமிழ் வேறு. பரீட்சைத் தாளில் எழுத வேண்டிய தமிழ் வேறு. இந்தப் பள்ளத்தைத் தாண்டச் செய்வதிலேயே தமிழாசிரியரின் பாதி ஆயுள் கழிகிறது. சிங்களப் பிள்ளையின் நிலையும் அதுவேயாகும். பேச்சுச் சிங்களத்தில் நான் என்றாலும் நீ என்றாலும் அவர்கள் என்றாலும் வினைச்சொல் பெரும்பாலும் ஒன்றாகவே நிற்கும். எழுத்துச் சிங்களத்திலோ எழுவாய்க்கேற்ப அது மாறியாக வேண்டும். மன்னாரிலும் மாத்தறையிலும் ஒரே தொல்லையோடு மல்லாடும் இருவர் தம் உத்திகளைப் பரிமாறிக்கொண்டதுண்டா? மறைமலையடிகளைப் போற்றும் நாம், அவர் காலத்திலேயே வடமொழிக் கலப்பற்ற சிங்களம் வேண்டுமென்று போராடிய குமாரதுங்க முனிதாசவை அறிவோமா? அவரும் ஆசிரியர்தாம்.

இந்த அறியாமை தானாக முளைத்ததன்று. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கல்வியியற் கல்லூரிகளிலும், பட்டதாரிகளுக்குரிய பட்டப்பின் கல்வி டிப்ளோமா வகுப்புகளிலும் பயிலுநர் மொழிவாரியாகப் பிரிந்தே பயில்கின்றனர். தாய்மொழிக் கல்வியை நாம் பழிக்கவில்லை. ஏழை விவசாயியின் மகனுக்கு இடைநிலைக் கல்வியின் கதவைத் திறந்தது அதுவே. ஆனால் மாணவர் தாய்மொழியிற் கற்க வேண்டும் என்பதனால் ஆசிரியர் அயலவரின் மொழியை அறியாதிருக்கலாம் என்ற நியதி எங்கிருந்து வந்தது? 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கருத்தரங்கு மண்டபத்திலோ அம்மொழி இன்னும் மூன்று வாக்கியங்களாகவே இருக்கிறது.

நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு பயிலுநரும் முதலில் மற்ற மொழியைப் பேசும் அளவுக்குக் கற்கட்டும், பின்னர் ஒரு தவணைக் காலமேனும் மற்ற மொழிமூலப் பாடசாலையில், அங்குள்ள மூத்த ஆசிரியரின் கீழ்க் கற்பித்தற் பயிற்சி பெறட்டும். பணமில்லை என்பார்கள். விடுதிக்குக் கொடுக்கப் பணம் இருந்ததே!

நம்மவரும் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. மலையகத் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் சிலர், பெட்டியைத் திறக்குமுன்னரே இடமாற்ற விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகின்றனர். லயத்திற் பிறந்த பிள்ளையின் பேச்சைக் கொச்சையென நகைக்கின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் மீண்டு வந்து எம் வகுப்பில் அமர்கையில், அவர்கள் வீட்டு வழக்கு எதனையும் அறியாது பாடப்புத்தகத்தைத் திறப்பவரும் எம்மிடையே உளர். சிங்களவர் எம்மை அறியவில்லை என்று மேடையில் முழங்குபவர்களும் இவர்களேதாம். இவர்களுக்கும் அதே ஒரு தவணைப் பயிற்சி கட்டாயமாக வேண்டும். அங்கே மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை.