இடி இடிச்சா ஆட்டம் க்ளோஸ்!

திருவெறும்பூர் பக்கம் சித்திரை வெயில் எப்படிக் கொளுத்தும்னு சொல்லணுமா பாஸ்? அந்தச் சூட்டில் மேலேறும் ஈரக்காற்றுதான் சாயங்காலம் கருமேகமா திரண்டு, இடி மின்னலோட கொட்டுது. உடனே கிரிக்கெட் டீம் மொத்தமும் வேப்பமரத்தடிக்கு ஓடும். ஐயோ, அங்கேதான் ஆபத்து!

2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் கழுதூரில் மக்காச்சோள வயலில் இருந்த 4 பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். புரட்டாசி மின்னலோ சித்திரை மின்னலோ, அடி ஒண்ணுதான்.

மின்னல் வெட்டியதும் எண்ணுங்க. 3 விநாடின்னா 1 கிலோமீட்டர் தூரம். 30-க்குள் இடி கேட்டா, பேட்டைப் போட்டுட்டு கட்டடத்துக்குள்ள ஓடுங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் அடுத்த ஓவர்.

அப்புறம், வீட்டுக்குக் கிளம்பும்போது தரைப்பாலத்தில் தண்ணி ஓடுதா? பைக்கைத் திருப்புங்க. முழங்கால் அளவு வெள்ளமே வண்டியோட இழுத்துட்டுப் போயிடும்.