கேட்டபின் தண்டியுங்கள்!

நம் மன்றத்து இதழில் இலக்கியம் எழுதுவோர் பலர். வரலாறு எழுதுவோரும் உளர். லாரி ஓட்டியின் லைசென்சைப் பற்றி எழுத வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 'இதுவும் ஒரு பொருளா?' என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள், சென்ற விடுமுறையில் நான் கண்டதைக் கேட்டுவிட்டுப் பிறகு சுளிக்கட்டும்.

என் ஊர் பாறசாலைக்குத் தெற்கே, இஞ்சிவிளைப் பக்கம். சற்று நடந்தால் களியக்காவிளை, அது தமிழகம். காலையில் வாழைக்குலை விற்க அங்கே போகிறவர், மாலையில் மருந்து வாங்க நெய்யாற்றின்கரைக்கு வருகிறார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதனையும் கேட்டு மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசாரும் போராடிய வரலாறு நீங்கள் அறியாததன்று. அப்பழைய வழக்கைக் கிளறுவது என் நோக்கமில்லை. கோடு எங்கே விழுந்தாலும் இரு பக்கமும் மனிதர் இருப்பர். இந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழர் அன்றாடம் என்ன படுகிறார்கள் என்பதே என் கவலை.

எங்கள் தெருவில் ஒரு டிப்பர் லாரி ஓட்டி இருக்கிறார். களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மலையாளம் மணிமணியாகப் பேசுவார், எழுத்துத்தான் தெரியாது. குமரி மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்குக் கொண்டுவருவது அவர் தொழில். லாரி வேறொருவருடையது, அவர் எல்லைக்கு அப்பால் இருப்பவர். பகலிரவு பாராமல் நடை எண்ணிக் கூலி வாங்குகிறவர் இவர்.

நான் ஊருக்குப் போன மறுநாள் ஒரு காகிதத்தை நீட்டினார். சுவரில் தொங்கிய காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம்.

"இதக் கொஞ்சம் வாயிச்சுப் பாரு மக்கா."

"அண்ணே, இதுல என்ன இருக்குன்னு நினைச்சீங்க?"

"பைன் கெட்டணும்னு இருக்கும். வேற என்னத்த இருக்கும்?"

பைன் அன்று. வரம்புக்கு மேல் பாரம் ஏற்றி வந்ததற்காக அவருடைய லைசென்சை மூன்று மாதம் ஏன் நிறுத்தி வைக்கக்கூடாது என்று கேட்டு, இன்ன தேதியில் நேரில் வந்து விளக்கம் தருக என்று சொன்ன நோட்டீசு. முழுவதும் மலையாளம். அந்தத் தேதி போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அடுத்த வாரமே ஆணையும் வந்து சேர்ந்தது. விளக்கம் தரவில்லையாதலால் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை எனக் கொண்டு மூன்று மாதம் நிறுத்தம்! அச்சடித்த படிவம், பெயரும் எண்ணும் தேதியும் மட்டும் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன.

செய்தி தெருவில் பரவியதும் ஆலோசகர்கள் திரண்டுவிட்டார்கள். நம் நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் பொருள் அது ஒன்றுதானே! "ஒரு ஏஜன்டு இருக்கார், பணம் கொடுத்தா முடிஞ்சது" என்றார் ஒருவர். "தடை கேரளத்திலதானே? களியக்காவிளைக்கு அந்தாண்ட ஓட்டிக்கிடு" என்றார் மற்றொருவர். முதல் ஆலோசனை இழிவானது. இரண்டாவது ஆலோசனை ஆபத்தானது. எல்லைப்புறத்தில் பலரும் நம்புகிற பொய் ஆதலால் இதனைச் சற்று விளக்கியாக வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். லைசென்சு எப்படி நாடு முழுதும் செல்லுமோ, அப்படியே அதன் தடையும் நாடு முழுதும் செல்லும். தடைக்காலத்தில் லைசென்சுக்கு உயிரில்லை என்கிறது 23-ஆம் பிரிவு. அக்காலத்தில் வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 182-ஆம் பிரிவு. அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. தடைபெற்றவர் ஓட்டிய வண்டியால் விபத்து நேர்ந்தால், இன்சூரன்சு கம்பெனி தன் பொறுப்பை மறுத்து வழக்காட அச்சட்டமே இடந்தருகிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீடு இந்த ஏழையின் தலையிலோ லாரிக்காரர் தலையிலோ வந்து விழக்கூடும். இஞ்சிவிளையைக் கடந்துவிட்டால் சட்டத்தைக் கடந்துவிட்டோம் என்று எண்ணுவது, கண்ணை மூடிக்கொண்ட பூனையின் கதைதான்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? நான் சட்டம் பயில்பவன் அல்லேன். ஆயினும் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தபோது வியந்து போனேன். எளியவனுக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறது. எளியவன் கைக்குத்தான் அது எட்டவில்லை.

லைசென்சைத் தடுக்கும் அதிகாரத்தை 19-ஆம் பிரிவு தருகிறது. அதிகாரத்தைத் தந்த கையாலேயே இரண்டு கடிவாளங்களையும் போடுகிறது. உரிமம் பெற்றவருக்குத் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். தடுப்பதற்குரிய காரணங்களை எழுத்தில் பதியவேண்டும். ஆணை கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அதே பிரிவு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தலைக்கவசமின்மை, குடித்து ஓட்டல், மிகுவேகம் முதலிய சில குற்றங்களுக்குப் போலீசாரே லைசென்சைக் கைப்பற்றி அனுப்பும் நிலை வந்தது. அங்கும் கூட, முதற் குற்றத்துக்கு மூன்று மாதத் தடை விதிக்குமுன் கேட்கவேண்டும் என்ற விதி நீக்கப்படவில்லை. கேட்டபின் விடுவிக்கலாம் என்றும் எழுதப்பட்டிருக்கிறது.

கைப்பற்றுவது வேறு, தடுப்பது வேறு என்பதைப் பலர் உணர்வதில்லை. கல்கத்தாவில் மிகுவேகமாகக் கார் ஓட்டியதாகப் பெண்மணி ஒருவரின் லைசென்சைப் போக்குவரத்துப் போலீசு உதவி ஆணையரே 90 நாள் நிறுத்திவைத்தார். அவர் சும்மா இருக்கவில்லை. வழக்காடினார். லைசென்சைக் கைப்பற்றி உரிய அதிகாரிக்கு அனுப்பலாமேயன்றி, அதனை நிறுத்திவைக்கும் அதிகாரம் போலீசாருக்கு இல்லை என்று 2022-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கேரள உயர்நீதிமன்றமும் 2018-இல், வண்டி ஓட்டும்போது செல்பேசியில் பேசுவது ஒன்றையே கொண்டு கேரளப் போலீசுச் சட்டத்தின் 118(உ) பிரிவின்கீழ் குற்றஞ்சாட்ட இயலாது என்றது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம், கையில் பிடித்த செல்பேசியோடு ஓட்டுவதை மோட்டார் சட்டத்திலேயே தெளிவாகக் குற்றமாக்கியது. வழக்காடுகிறவனால் குற்றவாளி தப்புகிறான் என்பார்கள். வழக்காடுகிறவனால் சட்டம் தெளிவடைகிறது என்பதை ஏனோ சொல்லமாட்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழட்டும், அதற்கு நான் அஞ்சவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். இந்தப் பேரழிவைக் கண்டு மனம் பொறாது, 2012-இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் என்னும் தமிழர். அவ்வழக்கில்தான் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மிகுவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டல், மிகுபாரம், சரக்கு வண்டியில் ஆளேற்றல், குடி, ஓட்டுகையில் செல்பேசி ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்சை நிறுத்துக என்று அக்குழு 2015-இல் மாநிலங்களைப் பணித்தது. அதனை நான் குறைகூறவில்லை. பாரம் மிகுந்த டிப்பர் இறக்கத்தில் பிரேக் பிடியாமல் வரும் காட்சியைக் கண்டவன் நான். பள்ளிக்குச் செல்லும் சிறுவர்கள் அதே சாலையில்தான் நடக்கிறார்கள். குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். ஆனால் 'மூன்று மாதம்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்ட படிவம், 'கேட்டபின்' என்னும் சொல்லை விட்டுவிட்டதே! குழுவின் பணிப்பு சட்டத்தின் விசாரணையை விழுங்கிவிட முடியுமா?

மற்றொன்றும் கேட்கிறேன். பாரத்தை ஏற்றியவர் யார்? குவாரியில் எவ்வளவு ஏற்றவேண்டும் என்று சொல்லுகிறவர் லாரிக்காரர். "இவ்வளவு வேண்டாம்" என்று சொல்லும் டிரைவருக்கு மறுநாள் சாவி கிடைக்காது. இதனைச் சட்டம் அறியாமல் இல்லை. ஓட்டுபவர் உரிமையாளர் அல்லாதபோது, மிகுபாரம் உரிமையாளர் அறியவோ அவர் கட்டளைப்படியோ ஏற்றப்பட்டது என நீதிமன்றம் கொள்ளலாம் என்று 113-ஆம் பிரிவு கூறுகிறது. இருபதாயிரம் ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம் ரூபாயும் அபராதம் என்கிறது 194-ஆம் பிரிவு. எங்கள் தெருக்காரர் விவகாரத்தில் அபராதத்தை லாரிக்காரர் கட்டினார். மறுநாளே வேறு டிரைவரை அமர்த்திக்கொண்டார். லாரி ஒரு நடைகூட நிற்கவில்லை. நின்றது ஒரு வீட்டின் உலை மட்டுமே.

இனி மொழிக்கு வருகிறேன். படிக்க முடியாத மொழியில் வந்த அழைப்பு, அழைப்பாகுமா? 'மலையாளம் பேசுகிறவனுக்கு மலையாளத்தில் நோட்டீசு வந்தால் என்ன?' என்று சிலர் கேட்பர். பேச்சு தெருவில் கிடைக்கும். எழுத்து பள்ளியில்தான் கிடைக்கும். குறை களைய வேண்டி எந்த அதிகாரிக்கும் எழுதும் விண்ணப்பத்தை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்று நம் அரசியலமைப்பின் 350-ஆம் விதி உரிமை தந்திருக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் 1969-இலேயே தமிழர்க்கும் கன்னடர்க்கும் தனியிடம் வகுத்தது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே வரவேண்டும் என்றது அதன் 3-ஆம் பிரிவு. இவ்வளவும் ஏட்டில் இருக்க, எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. மெய்யைச் சொன்னால், பட்டப்படிப்புக்கு வந்த எனக்கே தெரியவில்லை.

ஆணை கிடைத்த 22-ஆம் நாள் மேல்முறையீடு எழுதினோம். தமிழில் நான் எழுதினேன். நெய்யாற்றின்கரை வக்கீல் ஒருவர் பணம் வாங்காமல் திருத்தித் தந்தார். 'என் கட்சிக்காரர் குற்றமே செய்யவில்லை' என்று எழுதத் தொடங்கிய என் பேனாவை அவர் தடுத்துவிட்டார். எடைச்சீட்டு பாரம் மிகுதி என்று சொல்லும்போது இல்லை என்று வாதாடினால், உள்ள நியாயமும் போய்விடும் என்றார். ஆகவே மூன்றே செய்திகள் எழுதினோம். நோட்டீசின் உறையில் இருந்த தபால் முத்திரைப்படி, அது கைக்கு வந்ததற்கும் விசாரணைக்கும் இடையே இரண்டு நாளே இருந்தன. ஆணையில் காரணம் ஏதும் எழுதப்படவில்லை. வண்டியும் பாரமும் இவருடையவை அல்ல. நல்ல வேளையாக அண்ணன் அந்த உறையைக் கிழித்தெறியவில்லை. அதன் பின்பக்கத்தில் நடைக்கணக்கு எழுதி வைத்திருந்தார்!

மேல்முறையீட்டு அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆணையை நீக்கி, மீண்டும் கேட்டு முடிவு செய்க என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை அண்ணன் நேரில் நின்று தமிழிலேயே சொன்னார். கேட்ட அதிகாரிக்கு அது விளங்காமலும் இல்லை. தடை ஒரு மாதம் என்று குறைந்தது. முன்பே கழிந்த நாட்கள் அதனில் சேர்க்கப்பட்டு, அன்றே லைசென்சு கைக்கு வந்தது. கணக்குப் பார்த்தோம்; ஒரு மாதத் தண்டனைக்காக அவர் 51 நாள் வீட்டில் இருந்திருக்கிறார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. சீட்டுப் பணம் இரு தவணை தவறிவிட்டது. பழைய லாரியில் வேலையும் இல்லை. இப்போது உதியன்குளங்கரையில் ஒருவருடைய சிறு வண்டியை ஓட்டுகிறார்.

நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதன்று. ஆண்டுதோறும் விழா எடுத்துத் தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். முழங்கட்டும். எல்லைப்புறத் தெருக்களில் காலண்டருக்குப் பின்னால் இன்னும் எத்தனை நோட்டீசுகள் படிப்பாரின்றிச் செருகிக் கிடக்கின்றனவோ! மலையாளம் படிக்கவும் தமிழ் எழுதவும் தெரிந்தவர்கள் நம்முள் ஐம்பது பேராவது இருக்கமாட்டார்களா? நோட்டீசு வந்த தேதியை உறையோடு குறித்து வைப்பது, எடைச்சீட்டின் படியைக் கேட்டு வாங்குவது, குறித்த நாளுக்குள் விளக்கம் எழுதுவது, தவறினால் 30 நாளை விடாமல் மேல்முறையிடுவது ஆகியவை வக்கீல் பட்டம் வேண்டாத வேலைகள். அதற்கு மேல் போனால் தாலுகா சட்டப்பணிக் குழு இருக்கிறது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் காலையில் எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு மேசை போட வாசகசாலையார் இசைந்திருக்கிறார்கள். நானும் என் அறைத் தோழர் ஒருவரும் அமர்வோம். வர விரும்புவோர் சனிக்கிழமைக்குள் மன்ற அறையில் பெயர் தருக. களியக்காவிளை பஸ்ஸில் ஏறி இஞ்சிவிளையில் இறங்கவேண்டும். சாயா வாசகசாலையார் தருவார்கள். பஸ் கட்டணம் அவரவருடையது.