நூறு ரூபாய் வேலி

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கே போவீர்கள் என்று சென்னைவாசி யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘எங்க சார் போறது? மாலுக்குத்தான்’ என்பார். போய் வந்த பிறகு கணக்கும் சொல்வார். நாலு சினிமா டிக்கெட், டிக்கெட்டை விட விலை கூடின பாப்கார்ன், சாப்பாடு, மணிக்கணக்கில் ஏறும் பார்க்கிங். ‘இந்த ஊர்ல காசு இல்லாம வெளியில காலெடுத்து வைக்க முடியாது சார்.’

இதில் பாதி பொய். மீதிப் பாதி உண்மை.

பொய்யை முதலில் பார்ப்போம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தது. உள்ளே போய்ப் படிக்கக் காசு கிடையாது. உறுப்பினராகவும் வேண்டாம். குழந்தைகளுக்கென்றே தனித் தளம். 2011-ல் அடுத்து வந்த அரசு அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்ததும், உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றதும் ஞாபகம் இருக்கும். அன்றைக்குக் கொதித்தவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியேறியிருக்கிறீர்கள்?

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அங்கே திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார். அவற்றைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். நாமோ எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால் வந்து மூட்டை மேல் உட்கார்ந்திருப்போம், பக்கத்தில் எட்டிப் பார்க்க மாட்டோம். டிக்கெட் உண்டு, அது ஒன்றும் சொத்தை எழுதிக் கேட்கும் தொகை அல்ல. (வெள்ளிக்கிழமை விடுமுறை. போய் நின்றுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) கிண்டி காந்தி மண்டபம் இருக்கிறது, மர நிழல் இலவசம். மெரினாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனி உண்மையான பாதி. கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து மீட்ட அரசு நிலத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா கட்டினார்கள். மக்கள் வரிப்பணத்தில் கட்டினார்கள். 2024 அக்டோபரில் திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், குழந்தைகளுக்கு 50. கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைகள் என்றால் கேட்டைத் தாண்டவே 300. உள்ளே கம்பியில் தொங்கிப் போவதற்கெல்லாம் தனிக் காசு. தனியார் மாலுக்குள் நுழைய ஒரு பைசா கேட்பதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். வியாபாரியின் வாசல் திறந்திருக்கிறது, அரசாங்கத்தின் வாசலில் டிக்கெட் கவுன்ட்டர்!

‘பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா?’ என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் விலை என்பது செலவை ஈடுகட்ட மட்டும் வைப்பதல்ல, யார் உள்ளே வரலாம் என்று பொறுக்கவும் வைப்பது. இது பி.காம். முதல் வருடப் பாடம். சாலையோரம் பூக்கட்டும் அம்மாவுக்கு அந்த நூறு ரூபாய் ஒரு வேலி. அந்த வேலி நம்மில் பலருக்கு மனசுக்குள் பிடித்தும் இருக்கிறது என்பதுதான் அசிங்கம். ‘சும்மா விட்டா குப்பை போடுவாங்க, ஜோடி ஜோடியா வந்து உக்காருவாங்க’ என்கிறார்கள். மாலில் குப்பை போடாதவரா நீங்கள்? அங்கே பத்தடிக்கு ஒரு தொட்டி, துடைக்க ஒருவர் பின்னாலேயே வருகிறார். அதனால் சுத்தமாக இருக்கிறது. ஜோடிகள் வேறு எங்கே போவார்கள்? உங்கள் வீட்டு ஹாலுக்கா?

நாம் மாலுக்குப் போவது கடைக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. உட்கார இடம், குளிர்ந்த காற்று, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள் தைரியமாகப் போகக்கூடிய கழிப்பறை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம். வியாசர்பாடியில் ஏறும் ஒரு பெண் செலவில்லாமல் கடற்கரைக்கு வந்துவிடலாம். வந்த பிறகு? மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். பிள்ளை ‘அம்மா, வருது’ என்றால் மணலில் ஒரு மறைவைத் தேடுவாள். வளர்ந்த மகள் கூட வந்திருந்தால் பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவாள். வயதான மாமியாரைக் கூட்டி வரவே மாட்டாள். பஸ்ஸில் மிச்சமான காசை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

கம்பி, கண்ணாடி வீடு, வண்ண விளக்கு எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இருக்கிற இடங்களில் நாலு பெஞ்ச், ஒரு குடிநீர்க் குழாய், தண்ணீர் வரும் கழிப்பறை, அதைக் கழுவ நியாயமான சம்பளத்தில் ஆள். இதற்கு வெளிநாட்டு நிபுணர் யாரும் தேவையில்லை. வசதி உள்ளவர்களும் குடும்பத்தோடு அங்கே போய் உட்கார்ந்தால்தான் இந்தப் புகார் யார் காதிலாவது விழும்; மற்றவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

அடுத்த முறை கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது, உங்கள் வார்டு பூங்காவில் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.