தனவந்தர் கொடையும் கண்மாய் வரத்துக்காலும்

மதுரையில் 1976-ஆம் வருஷத்தில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையின் கிராம முகாம்களை ஆதரிப்போரில் உள்ளூர் வியாபாரிகளும் உண்டு. விளம்பரம், இடவசதி முதலிய செலவுகளை ஆதரிப்போர் ஏற்க, சிகிச்சையை வைத்தியசாலை செய்கிறது. கண்புரையால் ஏர் பிடிக்க இயலாதிருந்த குடியானவன் மீண்டும் வயலுக்குத் திரும்புகிறான்.

அவ்வயலுக்கு நீர் வேண்டுமல்லவா? திருநகரை அடுத்த தென்கால், நிலையூர்க் கண்மாய்கள் வைகை நீரைக் கால்வாய் மூலமாகவே பெறுவன. கண்மாய்க்குத் தனவந்தர் செய்யும் உபகாரமோ பெரும்பாலும் கரையில் மரக்கன்று நடுவதோடு நின்றுவிடுகிறது. அதுவும் நன்றே, ஆடு மேயாதிருந்தால். வரத்துக்கால் தூர்ந்து சீமைக்கருவேல் அடர்ந்து கிடக்கையில் கண்மாயை மட்டும் ஆழமாக்குவது, வாய் கட்டிய மாட்டுக்குத் தொட்டியைப் பெரிதாக்குவது போலாம்.

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, பெருங் கம்பெனிகள் முந்திய மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிட விதிக்கிறது. வைத்தியமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அதில் அடங்கும். சட்டம் பணத்தைக் கொணரும். ஐப்பசி மழைக்கு முன் காலை வெட்டிவிடும் கவனத்தைக் கொணராது. ஆகவே, கண் முகாமை ஏற்பது போலவே ஒரு கம்பெனி ஒரு வரத்துக்காலை ஏற்று, சர்க்கார் அனுமதி பெற்று, ஆயக்கட்டுதாரரைக் கலந்து, பல வருஷம் விடாது பராமரிப்பதே தகும். எடுக்கும் வண்டல் செங்கற் சூளைக்குப் போகாமல் முதலில் அவ்வூர்ப் புன்செய்களுக்குச் சேர வேண்டும். மடைகளைப் பழுதுபார்க்கும் செலவையும் அதே கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம்.