நெரிசலில் யாருக்கு இடம்?

தொலைபேசி இணைப்புக் கிடைக்காதபோதும் இணையம் ஊர்ந்து செல்லும்போதும் நாம் கேட்பது ஒன்றுதான்: கொள்ளளவை ஏன் கூட்டவில்லை? நியாயமான கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்வியே. இருக்கும் கொள்ளளவு யாருக்கு எவ்வளவு பகிரப்படுகிறது என்பது மற்றப் பாதி. அதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் அக்னர் எர்லாங் 1917 இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். இத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்புகளில் எத்தனை பங்கு தோற்கும் என்பதை அது கூறும். சராசரியாக எந்நேரமும் ஓர் உரையாடலுக்கான தேவை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு ஒன்றெனில் அழைப்புகளில் பாதி தோற்கும். இரண்டெனில் ஐந்திலொன்று, மூன்றெனில் பதினாறிலொன்று. இணைப்புகளை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் பங்கு குறையுமேயன்றிப் பூச்சியமாவதில்லை. ஆகவே எத்தனை பேரைத் திருப்பியனுப்பலாம் என்பதை யாரோ தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் கணிதத்தினுடையதன்று, மனிதர்களுடையது.

இணையத்தில் எவரும் வாசலில் மறிக்கப்படுவதில்லை. எல்லோரும் உள்ளே வந்து நெருக்கியடிக்கிறார்கள். 1986 ஒக்டோபரில், கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திற்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே, சுமார் 400 யார் தூரத்தில், செக்கனுக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. தாமதித்த தரவுப் பொதிகளைத் தொலைந்தவையாகக் கருதிக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பியமை நெரிசலை மேலும் இறுக்கியது. வான் ஜேக்கப்சன் 1988 இல் முன்வைத்த பரிகாரம் புதிய கம்பிகளன்று, தன்னடக்கம்: பொதி தொலைந்தால் உடனே வேகத்தைக் குறை, தடையில்லையெனில் சிறிது சிறிதாகக் கூட்டு.

இவ்வாறு தாமாகவே அடங்கி நடப்போர் இறுதியில் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வார்கள்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிராங்க் கெல்லியும் சகாக்களும் 1998 இல் இதற்கொரு கணித மாதிரியுருவை அளித்தனர். சம கொள்ளளவுடைய இரண்டு இணைப்புகள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் இரண்டையும் கடந்து தொலைவுக்குச் செல்ல வேண்டியவர். ஏனைய இருவருக்கும் ஆளுக்கொரு இணைப்புப் போதும். மொத்தப் பயன்பாடு உச்சமாக வேண்டுமெனில், தொலைவுக்குச் செல்பவருக்கு ஒன்றுமே கிடைக்காது. சமபங்கெனில் பாதி கிடைக்கும். கெல்லியின் விகிதாசார நியாயத்தின்படி மூன்றிலொன்று. மூன்று விடைகளும் கணிதப்படி சரியானவையே. எது நீதி என்பதைச் சமன்பாடு சொல்லாது.

வினைத்திறன் என்ற சொல் காதுக்கு இனியது. ஆனால் அதை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால் முதலில் பட்டினி கிடப்பவன் தொலைவில் இருப்பவனே. ஆதலால், நெரிசல் வேளையில் எந்த விதிப்படி பங்கிடுகிறோம் என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியில் பகிரங்கப்படுத்த வேண்டும். ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். உச்ச வேகத்தை விளம்பரப்படுத்துவோர் தமது பங்கீட்டு விதியையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.