அளவுகோல் பட்டப்பெயராகும்போது



சென்ற வாரம் மஃரிப் தொழுகைக்குப் பின் காத்திவாக்கத்தில் உள்ள எங்கள் மக்தபுக்கு ஒரு தந்தை வந்தார். கண்டெய்னர் லாரி ஓட்டுநர். "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்தில் இவன் இன்னும் அரும்புதானாம். ஓதலும் ஏறவில்லை. இனி அனுப்பி என்ன பயன்?" என்றார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் அருகில் தலைகுனிந்து நின்றான்.

அரும்பு என்பது வசைச்சொல் அன்று. கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நிலைக்கேற்பக் கற்பிக்க அரும்பு, மொட்டு, மலர் என நிலைகள் வகுக்கப்பட்டன. அவை ஒரே பூவின் பருவங்கள். வெவ்வேறு செடிகள் அல்ல. வீட்டிற்கு வந்ததும் பருவத்தின் பெயர் பிள்ளையின் பெயராகிவிடுகிறது.

அளவீட்டுக்கு உளவியலார் இரண்டு தகுதிகளைக் கூறுவர். எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை தருவது நம்பகத்தன்மை. எதை அளக்க வேண்டுமோ அதையே அளப்பது ஏற்புடைமை. மீன்கடைத் தராசு ஒவ்வொரு முறையும் நூறு கிராம் கூட்டியே காட்டினால், முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. வாசிப்புத் தேர்வு இன்றைய வாசிப்பை அளக்கும். அதைக் கொண்டு பிள்ளையின் அறிவு முழுவதையும் எடைபோட்டால் அங்கே ஏற்புடைமை அற்றுப்போகிறது. 1905இல் பிரான்சில் சைமனுடன் சேர்ந்து அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய ஆல்ஃபிரட் பினே, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியவே அதை அமைத்தார். அறிவு மாறாதது என்ற கருத்தை அவரே மறுத்தார்.

'நான் யார்' என்பதற்கு ஒருவர் மனத்தில் கொண்டிருக்கும் விடைக்குத் தற்கருத்து என்று பெயர். பிள்ளைகள் அதைப் பெரும்பாலும் பெரியவர்களின் வாயிலிருந்தே பெறுகின்றனர். ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் ஓர் அமெரிக்கப் பள்ளி ஆய்வை வெளியிட்டனர். குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளை, 'விரைவில் மலரப்போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் கூறியிருந்தனர். கீழ்வகுப்புகளில் அப்பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகம் உயர்ந்தது. அவ்விளைவு எவ்வளவு பெரிது என்பதில் பின்னர் விவாதம் எழுந்தது. ஆயினும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு வகுப்பறையில் வேலை செய்கிறது என்பதை என் அனுபவமும் சொல்கிறது.

நம் மார்க்கமும் நஃப்ஸை நிலைகளாகவே காட்டுகிறது. தீமையைத் தூண்டும் அம்மாரா (12:53), தன்னையே நிந்திக்கும் லவ்வாமா (75:2), அமைதியடைந்த முத்மஇன்னா (89:27). ஒரே மனிதனின் உள்ளம் இந்நிலைகளிடையே உயரவும் தாழவும் கூடும் என்றே உலமாக்கள் விளக்குவர். பிறருக்குப் பட்டப்பெயர் சூட்டுவதையோ அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:11) தடுக்கிறது. 'மக்கு' என்பதும் பட்டப்பெயரே.

அந்தத் தந்தையைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அவருடைய மகனைச் சென்ற ஆண்டிலிருந்தே கடைசி வரிசையில் உட்கார வைத்தவன் நான்தான். அவனிடம் ஓதச்சொல்லிக் கேட்டதும் குறைவு. பிறரை அளக்குமுன் தன்னை அளப்பதே முஹாஸபா. அன்றிரவு அதைச் செய்தேன். மறுநாள் அவனை முன்வரிசைக்கு அழைத்து, நாள்தோறும் இரண்டு வரி தனியே ஓதக் கேட்கிறேன். வேகம் இன்னும் வரவில்லை. ஆனால் குரல் எழுகிறது.

பெற்றோரே, பள்ளியில் உங்கள் பிள்ளையின் நிலை என்னவென்று கேளுங்கள். அடுத்த நிலைக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். அந்த நிலையை அவன் பெயராக்கிவிடாதீர்கள். அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைகளை நீதியுடன் அளக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.